கேம்பல்டவுன்: இருபத்தொன்று மூன்றான கதை

கிளாஸ்கோவிலிருந்து கேம்பல்டவுனுக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 100 கிலோமீட்டர். சாலையில் போனால் 220 கிலோமீட்டர் ஆகிவிடும். வடமேற்கே ஏறி, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல் கழிகளைச் சுற்றிக்கொண்டு, பிறகு கின்டயர் என்ற ஒல்லியான தீபகற்பத்தின் வழியே தெற்கே இறங்க வேண்டும். அந்தத் தீபகற்பத்தின் முனையிலிருந்து அயர்லாந்து வெறும் 20 கிலோமீட்டர். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கே இது ஒதுக்குப்புறமான ஊர். மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தொடாது.

இந்த ஊர்தான் ஒரு காலத்தில் உலகின் விஸ்கித் தலைநகரம் என்று பெயர் வாங்கியது. பிரிட்டனின் வடிசாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவந்த ஆல்ஃபிரட் பர்னார்ட் என்ற பத்திரிகையாளர் 1880களில் இங்கே வந்தபோது, 21 விஸ்கி வடிசாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஊரில், நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில். ஐம்பதே ஆண்டுகளில், 1934 முடிவதற்குள், மிஞ்சியவை இரண்டு. இன்று மூன்று.

விஸ்கி ரசிகர்கள் இந்த வீழ்ச்சிக்கு ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவார்கள்: பேராசை. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் கடத்தல்காரர்களுக்குச் சரக்கு அனுப்பும் அவசரத்தில் கண்டதையும் காய்ச்சினார்கள், ஹெர்ரிங் மீன் அடைத்த பீப்பாயில்கூட விஸ்கியை ஊற்றினார்கள், பெயர் கெட்டது, தொழில் படுத்தது. கேட்கச் சுவையான கதைதான். தரம் சரிந்தது என்பதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊரைத் தூக்கிவிட்ட அதே காரணங்கள்தான் அதைக் கவிழ்க்கவும் செய்தன என்று தெரிகிறது. பீப்பாயில் மீன் வாடை அடித்திருக்காவிட்டாலும் பெரும்பாலான வடிசாலைகள் மூடப்பட்டிருக்கும் என்பதே என் கணிப்பு.

தொடக்கம் கள்ளச்சாராயம். ராபர்ட் ஆர்மர் என்பவர் 1811-ல் கேம்பல்டவுனில் குழாய் வேலைக் கடை ஒன்றைத் திறந்தார். வெளியே பெயர் அப்படி. உள்ளே நடந்தது, சாராயம் வடிக்கும் செம்புப் பாத்திரமான வாலையைச் செய்து விற்கும் தொழில். 1817 வரை அவர் எழுதிவைத்த கணக்கேடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வாங்கியது யார், எந்தப் பண்ணை, என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்கிறது. வாங்கியவர்களில் பெண்கள் ஏராளம். தனியாக வாங்க முடியாதவர்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். வாலை, சுருள் குழாய் எல்லாம் சேர்த்து ஐந்து பவுண்டுக்குள் காரியம் முடிந்துவிடும். சட்டத்தை மீறும் தொழிலுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதியவரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கணக்கு இருப்பதால்தான், கின்டயரில் சாராயம் காய்ச்சியது காட்டுக்குள் ஒளிந்த முரடர்கள் அல்ல, குத்தகை கட்ட வழி தேடிய சாதாரணக் குடியானவர்கள் என்று நமக்குத் தெரிகிறது. விளைந்த பார்லியைத் தானியமாக விற்பதைவிடக் காய்ச்சி விற்றால் காசு அதிகம்.

1823-ல் லண்டன் நாடாளுமன்றம் புதிய கலால் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம். கேலனுக்கான வரி பாதிக்கும் கீழே குறைந்தது. ஒளிந்து காய்ச்சுவதைவிட உரிமம் எடுத்துக் காய்ச்சுவது லாபம் என்று ஆனதும், கைத்திறன் ஏற்கெனவே இருந்த ஊர் மளமளவென்று வெளிச்சத்துக்கு வந்தது. 1824-ல் லாங்ரோ, 1825-ல் ஹேசல்பர்ன், 1828-ல் ஸ்பிரிங்பேங்க், 1832-ல் பின்னாளில் கிளென் ஸ்கோஷியா என்று பெயர் பெற்ற ஸ்கோஷியா. ஸ்பிரிங்பேங்க் நிற்கும் இடத்தில்தான் ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் அதற்கு முன் கள்ளத்தனமாகக் காய்ச்சினார் என்று நம்பப்படுகிறது. 1837-ல் வடிசாலை அதே மிட்செல் குடும்பத்தின் கைக்கு வந்தது. பின்னர் அண்ணன் தம்பிக்குள் ஆட்டு விவகாரத்தில் மனத்தாங்கலாகி, வில்லியம் மிட்செல் பிரிந்துபோய் 1872-ல் பக்கத்திலேயே கிளென்கைல் வடிசாலையைக் கட்டினார் என்பது ஊர் வழக்கு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இயற்கை இந்த ஊருக்கு எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தது. துறைமுக வாயிலில் டாவார் தீவு காவலுக்கு நிற்பதால், உள்ளே அலை அடங்கிய ஆழமான நீர். மேற்கே மேக்ரிஹானிஷ் பக்கம் நிலக்கரிச் சுரங்கம். கரியை ஊருக்குக் கொண்டுவர 1790களிலேயே ஒரு கால்வாய் வெட்டிவிட்டார்கள். சுற்றிலும் பார்லி வயல். தண்ணீருக்கு ஊருக்கு மேலே கிராஸ்ஹில் ஏரி. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் பீட் கரிமண்ணும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் கிளாஸ்கோ. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு, சாலையில் சுற்றி வளைத்துப் போகவேண்டிய அந்த நகரம் கடல்வழியில் பக்கத்து ஊராகிவிட்டது. பீப்பாய்கள் காலையில் ஏறினால் அன்றே போய்ச் சேரும்.

கிளாஸ்கோவில் அவற்றை வாங்கியவர்கள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முளைகட்டிய பார்லியைச் செம்பு வாலையில் தொகுதி தொகுதியாகக் காய்ச்சுவது மால்ட் விஸ்கி. 1830களில் ஏனியாஸ் காஃபியின் தொடர் வாலை வந்தது. அதில் மலிவான தானியத்திலிருந்து நிற்காமல் ஸ்பிரிட் இறக்கலாம். ஆனால் மணமும் கனமும் குறைவு. இரண்டையும் கலந்தால் குடிக்க எளிதாகவும் விலை குறைவாகவும் ஒரு சரக்கு கிடைக்கும். 1860-ல் சட்டம் இந்தக் கலப்புக்கு வழிவிட்டதும் கலப்பு விஸ்கி வியாபாரம் பெருக்கெடுத்தது. சப்பென்று இருக்கும் தானிய ஸ்பிரிட்டுக்கு உடம்பு கொடுக்க, எண்ணெய்ப் பதமும் புகை வாசமும் கொண்ட முரட்டு மால்ட் தேவைப்பட்டது. கேம்பல்டவுன் காய்ச்சியது அதைத்தான்.

(நம் ஊர்க் கடைகளில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டைக் கலந்தது. ஸ்காட்லாந்தில் கலப்பு என்றால் இரண்டு பக்கமும் தானியம்தான். இந்த வேறுபாடு புரியாமல் மேற்கொண்டு படித்தால் குழப்பம் வரும்.)

ஆக, காசு கொட்டியது. கழியின் கரையோரம் வடிசாலை முதலாளிகளின் மாளிகைகள் வரிசையாக எழுந்தன. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிரிட்டனிலேயே பணக்கார ஊர் இதுதான் என்று அப்போது பெருமை பேசினார்களாம். 1913-ல் திறந்த சிறிய சினிமா கொட்டகை இன்றும் படம் காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் படம் காட்டுவதற்கென்றே கட்டப்பட்டு இன்னும் ஓடும் மிகப் பழைய அரங்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் இத்தனை செழிப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. குடிப்பவர் கையில் இருந்த பாட்டிலில் கேம்பல்டவுன் என்ற பெயரே இல்லை. இருந்தது கலப்பு வியாபாரியின் பெயர். எந்த மால்ட்டை எவ்வளவு சேர்ப்பது என்பது அவர் முடிவு. அவர் நாளைக்கு வேறு ஊரில் வாங்கினால், பாட்டிலைக் கையில் எடுப்பவருக்குத் தெரியப்போவதுமில்லை.

அந்த வேறு ஊர் வடகிழக்கே தயாராகிக்கொண்டிருந்தது. 1863-ல் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ரயில் போனது. அங்கே காய்ச்சியது இலகுவான, பழ வாசம் வீசும் மால்ட். புகை வேண்டுமென்றால் ஐலா தீவில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். கலப்பு வியாபாரிகளின் நாக்கு மெல்ல மென்மையான சரக்கின் பக்கம் சாய்ந்தது. கேம்பல்டவுனுக்கோ ரயில் வரவே இல்லை. சுரங்கத்துக்கும் ஊருக்கும் இடையே ஒரு குட்டி ரயில் ஓடியது உண்டு. நாட்டின் வேறெந்தத் தண்டவாளத்தோடும் அது சேராது. கப்பல் மட்டுமே போக்குவரத்தாக இருந்தவரை கேம்பல்டவுன் நடுவில் இருந்தது. ரயில் வந்தபின், ஊர் நகராமலேயே ஓரத்துக்குப் போய்விட்டது.

பிறகு அடி மேல் அடி. 1898-ல் பாட்டிசன் சகோதரர்களின் கலப்பு விஸ்கி நிறுவனம் திவாலானது. கடனிலும் விளம்பரத்திலும் ஊதிப்போயிருந்த அந்த நிறுவனம் விழுந்தபோது, ஸ்காட்லாந்து முழுவதும் கிடங்குகளில் வாங்க ஆளில்லாத பீப்பாய்கள் தேங்கின. உலகப் போர் வந்தது; பார்லி உணவுக்குப் போனது. 1915-ல் வந்த சட்டம், குறிப்பிட்ட காலம் முதிராத ஸ்பிரிட்டை விற்கக் கூடாது என்றது; முதலில் இரண்டு ஆண்டு, அடுத்து மூன்று. இன்று ஸ்காட்ச் விஸ்கியின் அடையாளமாகவே சொல்லப்படும் மூன்றாண்டு விதி அப்படி வந்ததுதான். ஆனால் காய்ச்சிய கையோடு விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்த சிறு வடிசாலைக்கு, மூன்று ஆண்டு முதலைப் பீப்பாயில் பூட்டிவைக்க எங்கிருந்து பணம் வரும்?

வரியைப் பாருங்கள். 1909-ல் ஒரு புரூஃப் கேலனுக்கு (சரக்கின் வீரியத்தை வைத்துக் கணக்கிடும் கேலன்) 14 ஷில்லிங் 9 பென்ஸ். 1918-ல் 30 ஷில்லிங். 1919-ல் 50. 1920-ல் 72 ஷில்லிங் 6 பென்ஸ். பதினோரு ஆண்டில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. உள்ளூர்ச் சந்தை சுருங்கியது. அதே 1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு. கடத்தலில் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் மூடிய கடைகளுக்கு அது ஈடாகாது.

ஊரின் முதலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1919-ல் ஆறு வடிசாலைகள் சேர்ந்து வெஸ்ட் ஹைலேண்ட் மால்ட் டிஸ்டிலரீஸ் என்ற ஒரே நிறுவனமாயின. கிளென் ஸ்கோஷியாவும் கிளென்கைலும் அதில் உண்டு. ஐந்து ஆண்டு தாங்கவில்லை. ஊரிலேயே பெரிய வடிசாலையான ஹேசல்பர்ன் 1925-ல் மூடியது, கிளென்கைலும் அதே ஆண்டு. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவையும் வரிசையாகப் போயின. கிளென் ஸ்கோஷியாவின் உரிமையாளர் டங்கன் மெக்கல்லம் 1930-ல் நீரில் மூழ்கி இறந்தார். மோசடிக்காரர்களிடம் பெரும்பணத்தைப் பறிகொடுத்திருந்தார் என்கிறார்கள். 1934-ல் ரீக்லாக்கன் மூடியதோடு, ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டும் மிச்சம்.

உள்ளூர் நிலக்கரி தீர்ந்ததுதான் காரணம் என்றும் சிலர் எழுதுவதுண்டு. ஆண்டு ஒத்துவரவில்லை. மேக்ரிஹானிஷ் சுரங்கம் 1929-ல்தான் மூடியது. அதற்குள் பெரும்பாலான வாலைகள் ஆறிப்போயிருந்தன.

இந்தச் சரிவின் நடுவில் ஒரு ஜப்பானிய இளைஞர் ஊருக்கு வந்து போனார். மசாதகா தகெட்சுரு. 1918-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் படிக்க வந்தவர். 1920-ன் முதல் மாதங்களில் ஹேசல்பர்னில் பயிற்சி எடுத்தார். அவர் படித்தது கடைசி ஓட்டத்தில் இருந்த ஒரு ஊரின் தொழிலை. வாலையின் வடிவம், ஊறலின் வெப்பம், தொழிலாளர் கூலிவரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, படம் வரைந்து எடுத்துப் போனார். ஜப்பானில் முதல் மால்ட் விஸ்கி வடிசாலையான யமசாகியை நிறுவிய ஷின்ஜிரோ டோரியிடம் வேலை பார்த்து, 1934-ல் யொய்ச்சியில் சொந்தமாகத் தொடங்கினார். பின்னாளில் நிக்கா என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. கேம்பல்டவுனில் ரீக்லாக்கன் மூடிய அதே ஆண்டு. யொய்ச்சியில் இன்றும் வாலைக்கு அடியில் நேரடியாக நிலக்கரி எரிக்கிறார்கள். அந்த வழக்கத்துக்கு வேர் ஸ்காட்லாந்தில் அவர் பார்த்த உலைகள்தான்.

மிஞ்சிய இரண்டும் ஏன் மிஞ்சின? கிளென் ஸ்கோஷியா கை மாறி கை மாறி, மூடித் திறந்து, மீண்டும் மூடித் திறந்து பிழைத்தது. ஸ்பிரிங்பேங்க் கடைசிவரை மிட்செல் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெரிய நிறுவனம் வாங்கியிருந்தால், எத்தனை வடிசாலை தேவை என்று கணக்குப் போட்டு ஓரத்தில் கிடந்ததை முதலில் இழுத்து மூடியிருக்கும். ஆனாலும் அங்கேயும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. உலகமே விஸ்கியில் மூழ்கிப்போயிருந்த 1980களில் அதுவும் நின்றது: 1979 முதல் 1987 வரை ஸ்பிரிங்பேங்கில் உற்பத்தி இல்லை, கிளென் ஸ்கோஷியாவும் 1984-ல் மூடியது. விஸ்கித் தலைநகரத்தில் சொட்டு விஸ்கி வடியாத ஆண்டுகள் அவை.

இங்கே ஸ்பிரிங்பேங்குக்கு வருகிறேன். பெரும்பாலான இடங்களில் மால்ட் ஆலைக்கு ஆர்டர் கொடுத்து, பொடிக்கத் தயாராக முளைத்து உலர்ந்த பார்லியை லாரியில் இறக்கிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்பேங்கில் தேவையான மால்ட் முழுவதையும் தாங்களே செய்கிறார்கள். பார்லியை ஊறவைத்து, கிடங்குத் தரையில் முழங்காலுக்குக் கீழான உயரத்துக்குப் பரப்பிவிடுகிறார்கள். நம் வீட்டில் பயறு முளைகட்டும் அதே வேலைதான், டன் கணக்கில். முளைக்கும் தானியம் சூடாகும். விட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு மொத்தமும் பாயாகிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஆட்கள் மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குனிந்து குனிந்து தோள்பட்டை போய்விடும் வேலை. மாவாக நசுங்கினால் போதும் என்ற பதம் வந்ததும் சூளைக்கு ஏற்றுகிறார்கள்.

சூளையில்தான் மூன்று விஸ்கிகளும் பிரிகின்றன. ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வருவதற்கு ஆறு மணி நேரம் பீட் புகை, பிறகு வெறும் வெந்காற்று. லாங்ரோவுக்கு இரண்டு நாள் முழுக்கப் புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது. மறைந்துபோன பக்கத்து வடிசாலைகளின் பெயர்களைத்தான் பின்னவை இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். வடிப்பதும் வேறுவேறு. லாங்ரோ இருமுறை, ஹேசல்பர்ன் மும்முறை. ஸ்பிரிங்பேங்க் 'இரண்டரை' முறை: முதல் வடிப்பில் வந்ததில் பெரும்பகுதியை மட்டும் தனியாக இன்னொரு முறை வடித்து, எடுத்து வைத்த மீதியோடு சேர்த்துக் கடைசி வாலையில் ஏற்றுகிறார்கள். அதாவது ஒரு பகுதி இரண்டு வடிப்பு கண்டிருக்கும், பெரும்பகுதி மூன்று. பாட்டிலில் அடைப்பதும் அதே ஊரில்.

இதையெல்லாம் அறுபடாத பாரம்பரியம் என்று விளம்பரத் தொனியில் எழுதுவார்கள். அது சரியல்ல. செலவு கட்டுப்படியாகாமல் 1960-ல் தரை மால்ட்டிங்கை, அதாவது தரையில் பரப்பி முளைகட்டும் இந்த வேலையை, ஸ்பிரிங்பேங்கும் நிறுத்தியது. 1992-ல் திரும்பத் தொடங்கினார்கள். விட்டதை யோசித்து, கூடுதல் கூலி கொடுத்து, மறுபடியும் எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு அறுபடாத பாரம்பரியத்தைவிட மதிப்பாகப் படுகிறது. அதற்குள் ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியை மட்டும் அடைத்து விற்கும் சிங்கிள் மால்ட் சந்தை உருவாகியிருந்தது. பாட்டிலில் இப்போது வடிசாலையின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகக் காசு கொடுக்க ஆள் இருந்தது. 1880களில் இல்லாதது அதுதான்.

அடுத்த அத்தியாயம் சட்டத்தில். ஸ்காட்ச் விஸ்கித் துறையில் ஊர்களைப் பிராந்தியமாகப் பிரிப்பது வழக்கம். 1990களின் இறுதியில், இரண்டே வடிசாலை இருக்கும் ஊருக்குத் தனிப் பிராந்தியம் எதற்கு என்ற பேச்சு துறைக்குள் எழுந்தது. மிட்செல் வழிவந்த ஹெட்லி ரைட் ஒரு கணக்குப் போட்டார்: லோலேண்ட் பிராந்தியத்தில் இயங்குபவை மூன்று, அதைப் பிராந்தியம் என்கிறார்கள். அப்படியானால் இங்கேயும் மூன்றாவது ஒன்று வேண்டும். தன் முன்னோர் ஆட்டுச் சண்டையில் கட்டிய கிளென்கைலின் பாழடைந்த கட்டடத்தை வாங்கி, 2004-ல் வாலையை மூட்டினார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் துப்பாக்கிச் சுடும் மன்றமாகவும் விவசாயிகளின் கிடங்காகவும் கிடந்த இடம் அது. கிளென்கைல் என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால், அங்கே வடிக்கும் விஸ்கிக்கு ஊரின் பழைய பெயரிலிருந்து எடுத்து கில்கெரன் என்று வைத்தார்கள்.

2009-ல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளில் கேம்பல்டவுன் தன் இடத்தைத் தக்கவைத்தது. ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட் ஆகியவை பாதுகாக்கப்பட்ட பிராந்தியங்கள். ஐலாவும் கேம்பல்டவுனும் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள். ஆனால் கேம்பல்டவுன் விஸ்கி எப்படிச் சுவைக்க வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வார்த்தை கிடையாது. உப்பு, எண்ணெய்ப் பதம், கொஞ்சம் புகை என்று சொல்வதெல்லாம் ரசிகர்களின் வழக்கு. ஒரே கூரையின் கீழ் புகையோடும் புகையில்லாமலும் காய்ச்சும் ஊரில் அந்த வரையறை நிற்காது. கடல்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்பு ஏற்றுகிறது என்ற பேச்சையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்றைக்கு ஊரில் நடந்தால் பழைய வடிசாலைகள் வேறு வேடத்தில் தென்படும். பென்மோர் வடிசாலையின் கட்டடம் பேருந்துப் பணிமனை. சில கிடங்குகள் குடியிருப்புகள். ஹெர்ரிங் மீன்பிடித் தொழில் போய்விட்டது; பாலாடைக்கட்டி ஆலையும், காற்றாலைக் கோபுரம் செய்த தொழிற்சாலையும் மூடிவிட்டன. அதனால் இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு ஆள் வைக்கும் ஸ்பிரிங்பேங்கின் பிடிவாதம் இங்கே வெறும் ரசனை விஷயம் அல்ல. மறுபக்கம், உற்பத்தி குறைவு என்பதால் ஸ்பிரிங்பேங்க் பாட்டில் கடைக்கு வந்த கையோடு மறைந்து, ஏலத்தில் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு நிற்கிறது. காய்ச்சுபவருக்குப் போகாத காசு அது. பழைய கலப்பு வியாபாரி நின்ற இடத்தில் இப்போது ஏலக்காரர் நிற்கிறார்.

இந்தத் தேவையைப் பார்த்துப் புதிய வடிசாலைத் திட்டங்களும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஊருக்குள், மற்றவை எட்டு கிலோமீட்டர் தள்ளி மேக்ரிஹானிஷ் பக்கம், பழைய விமானப்படைத் தளத்தை ஒட்டிய நிலத்தில். அங்கே வடிப்பது கேம்பல்டவுன் விஸ்கியாகுமா என்ற கேள்விக்கு மண்ணிலோ தண்ணீரிலோ பதில் தேட வேண்டாம். 2009 விதிகள் கேம்பல்டவுன் வட்டாரத்தின் எல்லையை, ஆர்கைல் அண்ட் பியூட் மாவட்ட மன்றத் தேர்தலுக்கான தெற்கு கின்டயர் வார்டு என்று வரையறுத்திருக்கின்றன. மேக்ரிஹானிஷ் அந்த வார்டுக்குள் வருகிறது, ஆகவே ஆகும்.